பனிக்கு உதறும் வண்டி

மார்கழி பிறந்தால் மதுரை வண்டியூர் டயர் கடைகளில் ஒரு வசனம் அடிக்கடி கேட்கும். "காலையில எடுத்தா ஸ்டீயரிங் உதறுதுண்ணே. பனிக்கு டயர் இறுகிருச்சு போல." கடைக்காரர் மறுத்துப் பேசமாட்டார். வீல் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் சேர்த்துச் செய்து அனுப்பிவிடுவார். உதறல் சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது. நிற்காதவர் தை பிறக்கட்டும் என்று காத்திருப்பார்.

முதலில் பனியின் கணக்கைப் பார்த்துவிடலாம். மதுரையில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. காதை மூடத் துண்டு தேட நமக்கு அது போதும். டயரோ அதைக் குளிர் என்றே எடுத்துக்கொள்ளாது. குளிர் தேசங்களில் கோடை டயரைக் கழற்றிவிட்டுக் குளிர்கால டயர் மாட்டச் சொல்லும் பொதுவான எல்லையே 7 டிகிரிதான். ஆகவே வண்டியூரில் நின்று வண்டியூரைச் சுற்றியே ஓடும் கார் மார்கழியில் உதறினால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அதே கார் சனிக்கிழமை கொடைக்கானல் ஏறி, இரவு முழுக்க வெட்டவெளியில் நின்று, ஞாயிறு காலை உதறினால் கதை வேறு. அங்கே குற்றவாளி குளிர்தான். அந்த உதறலுக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.

இரண்டையும் பிரித்தறிய இந்த அத்தியாயம் ஒரே ஒரு அளவுகோலை நம்புகிறது. வண்டியைப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். டயர் சூடானதும் தானே அடங்கும் உதறலுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அடங்காத உதறலைப் பனி என்று சொல்லித் தள்ளிப் போடாதீர்கள்.

தட்டை விழுவது எப்படி

ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி மீள்கிறது. அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை மதிய வெயிலில், ஐந்து பேரையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் ஏற்றி விரட்டிப் போனால், உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமில்லை.

இன்றைய ரேடியல் டயரில் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. பல டயர்களில் அவற்றின் மேல் நைலான் இழை சுற்றியிருப்பார்கள், வேகத்தில் டயர் விரிந்துவிடாமல் இறுக்கிப் பிடிக்க. இந்த நைலானுக்கு ஒரு குணம் உண்டு. சூட்டில் தளரும், ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் இறுகும். சூடான டயரோடு வண்டியை நிறுத்துகிறோம். தரையைத் தொடும் இடம், ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம், வண்டியின் எடையில் அமுங்கித் தட்டையாக இருக்கிறது. இரவுக் குளிரில் டயர் ஆறும்போது அந்தத் தட்டையும் சேர்ந்து உறைந்துவிடுகிறது. காலையில் வண்டியை எடுத்தால் சுற்றுக்கு ஒருமுறை அந்த இடம் தரையைத் தட்டும். நான்கு டயரிலும் ஒரே சமயத்தில் விழுந்திருக்கும் என்பதால், ஒரு மூலையிலிருந்து வருவதாகத் தெரியாமல் வண்டி முழுக்கவே தடதடவென்று நடுங்கும்.

இது புதிய வியாதி அல்ல. அம்பாசிடர் ஓடிய காலத்தில் அதன் 5.90-15 அளவு டயர்கள் உடல் முழுக்க நைலான் இழையால் ஆனவை. 'நைலான் டயர்' என்ற பெயரே நம் ஊரில் அப்படித்தான் நிலைத்தது. காலையில் முதல் சில மைல் தடக் தடக் என்று போகும், அப்புறம் அடங்கும். அந்தக் கால ஓட்டுநர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அமெரிக்காவில் இதே புகார் பெரிதாக எழுந்தபோது, 1960களில் டயர் உடலுக்குப் பாலியஸ்டர் இழை வரத் தொடங்கியது. அதற்கான காரணங்களில் இந்தக் காலைத் தட்டலும் ஒன்று. இன்றைய கார் ரேடியல்களின் உடல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். மேல் சுற்றில் மட்டும் நைலான் மிச்சமிருப்பதால் வியாதி குறைந்திருக்கிறதே தவிர ஒழியவில்லை. அதிவேகத்துக்கென்று செய்த அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர்களில் இது கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். பெரிய அலாய் வீல் போட்ட புது வண்டிக்காரர் கொடைக்கானலில் பயந்துபோவதும், பழைய மாருதிக்காரர் ஒன்றும் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போவதும் இதனால்தான்.

கொடைக்கானல் இரவு

மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். காட்ரோடு தாண்டினால் மலைப்பாதை. ஏரிப் பக்கம் உயரம் 2,100 மீட்டர் அளவு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சாதாரணமாகவே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். சில விடியல்களில் பள்ளமான புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். மதியம் வண்டியூரில் 30 டிகிரியில் கிளம்பிய டயருக்கு ஒரே நாளில் இருபது டிகிரிக்கு மேல் சரிவு. தட்டை விழ இதைவிடத் தோதான பயணம் தென்தமிழ்நாட்டில் இல்லை.

அங்கே செய்யக்கூடியது கொஞ்சம்தான். விடுதிக்குப் போனதும் சாமான்களை இறக்கிவிடுங்கள். வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் அந்த எடையும் இரவு முழுக்க டயர் மேல்தான். இடம் சமதளமாக இருந்தால், சாப்பிட்டுவிட்டு வரும்போது வண்டியை ஒரு மீட்டர் தூரம் முன்னே நகர்த்தி நிறுத்துங்கள். டயர் முழுக்க ஆறுவதற்கு முன் அமுங்கும் இடம் மாறினால் தட்டை ஆழமாக விழாது. சரிவில் நிறுத்தியிருந்தால் இந்த வேலையே வேண்டாம். தட்டை டயர் பத்து நிமிஷத் தொல்லை, உருளும் வண்டி அப்படியல்ல.

ஹேண்ட் பிரேக் விஷயம் தனி. மழையிலோ மஞ்சிலோ நனைந்த பின்சக்கர டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரவு முழுக்க விட்டால், ஷூ டிரம்மோடு லேசாகத் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டி நகர மறுத்து, 'டக்' என்ற சத்தத்தோடு விடுபடும். அது விடுபடாத நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்கரம் உருளாமல் இழுபட்டு, ரப்பரே ஓரிடத்தில் தேய்ந்துபோகும். குளிரில் விழுந்த தட்டை ஓட ஓட நிமிரும், தேய்ந்து விழுந்த தட்டை நிமிராது. சமதளத்தில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடுவது நல்லது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'பி'யில் போட்டுவிட்டு அதேபோல் கல் வையுங்கள். சரிவில் மட்டும் ஹேண்ட் பிரேக் வேண்டும்தான்.

காலையில் எடுத்ததும் நடுங்கினால் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். மலைப்பாதையில் வேறு எப்படியும் போக முடியாது. வளைவுகளிலேயே டயர் சூடு பிடித்துவிடும். காட்ரோடு இறங்கும்போது நடுக்கம் நினைவில்கூட இருக்காது. இருந்தால் 'மார்கழி மேல் பழி' என்ற பகுதியைப் படியுங்கள்.

இறங்கும்போது இன்னொரு உதறல் முளைக்கும். அதைக் குளிரின் கணக்கில் எழுதக் கூடாது. மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு டிஸ்க் கடுமையாகச் சூடாகும். வெள்ளி அருவியில் படம் எடுக்க நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே நின்றால், சூடான பேட் டிஸ்க்கின் ஓரிடத்தில் தன் பூச்சைப் பதித்துவிடும். அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும். பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்குகிறது என்றால் டயர் கடைக்குப் போகாமல் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது கியரில் இறங்கினால் இந்தச் செலவே கிடையாது.

காற்றும் உயரமும்

குளிரில் காற்றழுத்தம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். பத்து டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளலாம். வண்டியூரில் 30 டிகிரியில் 33 வைத்த டயர் 10 டிகிரியில் 30க்கு இறங்க வேண்டும். ஆனால் கொடைக்கானலில் அளந்தால் அதே 33ஐக் காட்டும். கருவியில் கோளாறு இல்லை. மலை மேல் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. குறைவு. கருவி காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். குளிர் எடுத்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேலே காலையில் அளந்து 33 காட்டினால் கை வைக்காமல் விட்டுவிடுங்கள். கீழே வந்ததும் அதே 33தான் இருக்கும்.

சிக்கல் வழியில்தான் வருகிறது. மதியம் வத்தலக்குண்டு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஏர் செக் செய்தால், சூடான டயர் 37, 38 காட்டும். "அய்யய்யோ, கூட இருக்கு" என்று பங்க் பையன் வால்வு ஊசியை அழுத்திக் காற்றை இறக்கி 33 ஆக்கிவிடுவான். அந்த டயர் மறுநாள் காலை கொடைக்கானலில் 29 காட்டும், மதுரைக்குத் திரும்பினாலும் அதேதான். காற்று குறைந்தால் டயர் கூடுதலாக அமுங்கும், தட்டை பெரிதாக விழும், மடங்கல் அதிகமாகி ஓரங்கள் தேயும். உதறலுக்குக் குளிரைத் திட்டுகிறவர்களில் ஒரு பங்கினர் உண்மையில் இந்த ஊசியைத்தான் திட்ட வேண்டும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் எண், குறைந்தது மூன்று மணி நேரம் ஓடாமல் நின்ற டயருக்கானது. முழுப் பாரத்துக்குத் தனி எண் இருந்தால் குடும்பத்தோடு மலையேறும்போது அதைத்தான் வைக்க வேண்டும். கிளம்பும் காலையில், வீட்டுக்குப் பக்கத்துப் பங்கிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் சூடாக இருக்கும்போது யார் சொன்னாலும் இறக்காதீர்கள். நைட்ரஜன் அடித்தால் உதறாது என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. சாதாரணக் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள், உதறலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மார்கழி மேல் பழி

இனி வண்டியூரிலேயே உதறும் வண்டிக்கு வருவோம். மார்கழியில் இந்தப் புகார் கூடுவது கற்பனை அல்ல, ஆனால் அதன் வேர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இருக்கிறது. மதுரைக்கு வடகிழக்குப் பருவமழை முடிவது மார்கழியை ஒட்டித்தான். இரண்டு மாதம் தண்ணீர் நின்ற சாலையில் குழி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ஓட்டியிருப்போம். சாக்கடைக்கோ குழாய்க்கோ தோண்டி மூடிய தெருக்களில் மண் அமுங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். கண்மாய்க் கரைச் சேறு வீல் உள்பக்கம் அப்பி, மழை நின்றதும் காய்ந்து கட்டியாகியிருக்கும். வெளியே வாட்டர் வாஷ் செய்தாலும் உள்பக்கம் யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சேற்றை லேசாக நினைக்க வேண்டாம். 15 அங்குல வீலின் விளிம்பில் 30 கிராம் கூடுதல் எடை ஒட்டியிருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை ஐந்து கிலோ அளவு விசையோடு மேலும் கீழும் இழுக்கும், நொடிக்குப் பதினான்கு, பதினைந்து தடவை. 50 கிலோமீட்டர் வேகத்தில் அதே எடையின் விசை ஒன்றேகால் கிலோதான். எடை சமமில்லாத சக்கரம் ஊருக்குள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ரிங் ரோட்டில் 80ஐத் தாண்டியதும் உதறத் தொடங்குவது இதனால்தான். மேலும் மிதித்து 110, 120 போனால் சில வண்டிகளில் உதறல் குறைவதும் உண்டு. குறைந்துவிட்டது என்று நிம்மதி அடைய அதில் ஒன்றுமில்லை. சஸ்பென்ஷன் அதிர்ந்து ஒத்துழைக்கும் வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பேலன்சிங்குக்குக் கொடுப்பதற்கு முன் வீல் உள்பக்கத்தைக் குச்சியால் சுரண்டித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். சேற்றோடு மெஷினில் ஏற்றி அதற்குச் சமமாக ஈயம் ஒட்டினால், அடுத்த வாரம் சேறு உதிரும்போது ஈயம்தான் அதிகப்படியாக நிற்கும். இதைக் கேட்டால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். சுளிக்காத கடைக்குப் போங்கள். அலாய் வீலில் உள்பக்கம் ஒட்டும் எடைகள் தண்ணீரிலும் சேற்றிலும் உதிரக்கூடியவை. பளபளவென்று சதுரமாக ஒரு தடம் மட்டும் தெரிந்தால் அங்கே இருந்த எடை விழுந்துவிட்டது என்று பொருள்.

மெஷினில் வீல் சுற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம் விளிம்பு வளைந்திருந்தால் சுற்றும்போது அலை போல அசைவது கண்ணுக்கே தெரியும். வளைந்த ரிம்மை எடை ஒட்டிச் சமன் செய்ய முடியாது, எண் பூஜ்யம் காட்டினாலும் வண்டி உதறும். இரும்பு ரிம் என்றால் தட்டி நேர் செய்துவிடலாம். அலாய் வீலை நேர் செய்து தருகிறோம் என்பார்கள், விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும், ஆனால் உதறல் வருவது அபூர்வம். உதறலுக்கு அலைன்மென்ட் மட்டும் செய்துவிட்டு வருவது வீண் செலவு.

டயர் கடை அல்லாமல் மெக்கானிக்கிடம் போக வேண்டிய உதறல்களும் உண்டு. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே நடுங்கினால், அதுவும் ஏ.சி. போட்டதும் கூடினால், என்ஜின் மவுண்ட். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நடுங்கி, காலை எடுத்தால் நின்றால், டிரைவ் ஷாஃப்ட். 'ஊங்' என்ற ஒலி வேகத்தோடு ஏறி, வளைவில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், கை நிதானமாக இருக்க இருக்கை மட்டும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின்சக்கரம்.

நல்ல மெக்கானிக் வண்டியைத் தொடும் முன் கேள்வி கேட்பார்.

"எத்தனைல உதறுது சார்?"

"எண்பது தாண்டுனா."

"பிரேக் புடிச்சாலா, சும்மாவேவா?"

"சும்மாவே."

"கொஞ்ச தூரம் ஓடுனா நிக்குதா?"

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு போங்கள். பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது

வண்டியூர்க்காரருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை போகும் ரிங் ரோடு வாசலிலேயே இருக்கிறது. நான்கு வழி, பெரும்பாலும் நேர், விடியற்காலையில் லாரிகளும் குறைவு. வீட்டிலிருந்து எடுத்ததும் உதறலைக் கவனித்து, கப்பலூர் வரை போய்த் திரும்பினால் சோதனை முடிந்துவிடும். போகும்போது இருந்து வரும்போது இல்லையென்றால் தட்டை. இரண்டு முறையும் அதே வேகத்தில் வந்தால் எடை அல்லது ரிம். எந்த வேகத்தில் பிடித்து எந்த வேகத்தில் விடுகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டே போனில் எழுதாதீர்கள்.

நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். 2023இல் திறந்த அந்த 7.3 கிலோமீட்டர் பாலம் ஓட்டுவதற்குச் சுகமானதுதான். ஆனால் எந்தப் பாலத்திலும் தளங்களுக்கு நடுவே இணைப்புகள் உண்டு. அவற்றின் மேல் ஏறி இறங்கும் 'டப் டப்' சீரான இடைவெளியில் வருவதால் தட்டை டயர் போலவே கேட்கும். பாலத்தைவிட்டு இறங்கியதும் நின்றுவிட்டால் அது உங்கள் டயர் இல்லை. கோரைப்பாய் போல வரிவரியாகக் கோடு போட்ட கான்கிரீட் சாலையும் இப்படித்தான் ஏமாற்றும். தார்ச் சாலையில் கேட்டதையே கணக்கில் எடுங்கள்.

நின்றே கெடும் வண்டி

தெப்பக்குளம், அண்ணா நகர்ப் பக்கம் பல வீடுகளில் கார் மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியே வரும். மகன் வெளிநாட்டில், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, வண்டி உறை போட்டு நிற்கும். தைப்பூசத் தெப்பத்துக்குச் சொந்தபந்தம் வரும்போது ஸ்டேஷனுக்குப் போக எடுத்தால் தடதடவென்று நடுங்கும். தைக் குளிர் என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் போன சித்திரை வெயிலிலேயே தொடங்கிய கதை அது. சூட்டில் தளர்ந்த டயர் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடந்தால் இழை மட்டுமல்ல, ரப்பரும் அந்த வடிவத்துக்குப் பழகிவிடும். 2020 ஊரடங்கு முடிந்து வண்டியை எடுத்தவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். அப்படி விழுந்த தட்டை இருபது கிலோமீட்டரில் போகாது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் கேட்கும். சிலது போகவே போகாது.

வாரம் ஒருமுறை என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிடுவது பேட்டரிக்கே பெரிதாக உதவாது, டயருக்குத் துளியும் உதவாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வர வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் வாட்ச்மேனோ டிரைவரோ வந்து வண்டியைக் கால் சுற்று தள்ளி நிறுத்தினாலும் போதும். மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்று தெரிந்தால், டயர் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் நாலைந்து பி.எஸ்.ஐ. கூட்டி வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு முன் ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம்.

இந்த வண்டிகளில் டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடுதளத்தின் கட்டை இன்னும் கருகருவென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஓடாமல் பத்து வருஷம் ஆன டயர், ஓடித் தேய்ந்த டயரைவிட நம்பத் தகாதது.

வெளிநாட்டு மகனுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டொராண்டோவில் வீட்டுக் கராஜில் 20 டிகிரியில் 33 வைத்த டயர், வெளியே மைனஸ் பத்தில் 28க்கு இறங்கிவிடும். அங்கே கண்மாய்ச் சேறு செய்யும் வேலையை, ரிம்முக்குள் உறைந்த பனிக்கட்டி செய்கிறது. பனிப்புயலுக்கு மறுநாள் நெடுஞ்சாலையில் வண்டி திடீரென்று ஆடினால் அந்த ஊர்க்காரர்கள் முதலில் வீலுக்குள் குனிந்து பார்ப்பார்கள். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வருஷத்துக்கு இரண்டு தடவை வீல் கழற்றி மாட்டுகிற இடம் என்பதால், நட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டு வரும் உதறலும் அங்கே அதிகம்.

ஓட்டக் கூடாத உதறல்

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை வழியில் உயிரை எடுக்கப் போவதில்லை. இனி வருவது எடுக்கக்கூடியது.

குழியில் பலமாக இறங்கிய டயரில் உள்ளே இழைகள் அறுந்தால் பக்கச்சுவரில் கொப்புளம் போல வீங்கும். எஃகுப் பட்டை உள்ளேயே பிரிந்தால் ஓடுதளம் ஓரிடத்தில் மேடாகும். இரண்டும் வேகம் குறைவாக இருக்கும்போதே, 30, 40 கிலோமீட்டரிலேயே வண்டியை ஆட்டத் தொடங்கும். ஓட ஓடக் குறையாது, நாளுக்கு நாள் கூடும். தட்டை டயர் ஓடினால் நிமிர்கிறது, பிரிந்த டயர் ஓடினால் இன்னும் பிரிகிறது. காலையில் லேசாக இருந்த உதறல் மாலையில் பலமாகிவிட்டது என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நிழலில் வண்டி ஆறிய பிறகு, ஒவ்வொரு டயரையும் முழுச் சுற்றும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், உள்பக்கச் சுவரையும் சேர்த்து. கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் வேகமாக இழுக்காதீர்கள். மேடு தட்டினால், வீக்கம் தெரிந்தால், அந்த டயரைப் பஞ்சர் கடையில் ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது வேறொரு வண்டிக்குத்தான் போகும். பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் சிறு மேடுகள் வரை கட்டை தேய்ந்துவிட்டாலும் ஆயுள் முடிந்தது. அந்த மேடுகளின் உயரம் 1.6 மில்லிமீட்டர்.

மார்கழியில் உதறல் வந்து, கடையில் வீல் கழற்றி மாட்டியதற்குப் பிறகு கூடிவிட்டது என்றால், முதலில் நட்டைப் பாருங்கள். கை முறுக்கில் விட்ட நட்டோ, ஹப்பில் துருவும் சேறும் இருக்க அப்படியே மாட்டிய வீலோ நேராக உட்காராது. மாட்டும்போது எதிர் எதிர் நட்டாக முறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை ஸ்பானர் போட்டுப் பார்த்துவிடுங்கள். கொடைக்கானல் போவதற்கு முந்தின நாள் வீல் வேலை செய்தவர்கள் இந்த இரண்டாவது முறுக்கை வத்தலக்குண்டில் செய்துகொள்ளலாம், மலை ஏறுவதற்கு முன்.

எந்தச் சக்கரம் என்று பிடிபடவே இல்லையென்றால் ஸ்டெப்னியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி அந்த இடத்தில் ஸ்டெப்னியை மாட்டி, ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் உதறல் நின்றதோ அதுதான் குற்றவாளி. ஆனால் இந்தச் சோதனை, ஸ்டெப்னி மற்ற நான்கோடு அதே அளவில் இருக்கும் வண்டிக்கு மட்டுமே. இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னி சின்னதாக இருக்கும், அதன் மேலேயே 80 கிலோமீட்டரைத் தாண்டாதே என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். 80க்கு மேல்தான் உங்கள் வண்டி உதறுகிறது என்றால் அதை மாட்டிச் சோதிக்க வேண்டாம், அதே அளவு வீல் வைத்திருக்கும் கடையில் ஒன்றை இரவல் கேளுங்கள்.